டாக்கிலிருந்து வந்த கப்பலில் எந்தத் தேதிக்கு டிக்கெட் போடுவது?

வருஷா வருஷம் ஏற்காடு போய் அலுத்து, இந்த மே மாதம் சிங்கப்பூர் போய் உல்லாசக் கப்பல் ஏறலாம் என்று விசாரிக்கும் சேலத்துக் குடும்பங்களிடம் டிராவல் ஏஜென்ட் ஆசையாகச் சொல்லும் வாசகம் ஒன்று உண்டு: "சார், கப்பல் டாக்குக்குப் போய் புத்தம் புதுசா வருது, முதல் டிரிப்பே போட்டுடலாம்." டாக் என்பது கப்பலைத் தண்ணீருக்கு வெளியே வைத்துப் பழுதுபார்க்கும் தளம். கேட்க நன்றாகத்தான் இருக்கும். புதுக் கம்பளம், புது மெத்தை, நேற்றுத் திறந்த ஓட்டல். அதே கப்பலில் லிஃப்ட் ஓடாமலும், நீச்சல் குளத்தைச் சுற்றிக் கயிறு கட்டியும், கழிவறை உறிஞ்சாமலும் இருக்க வாய்ப்பு அதிகமான வாரமும் அந்த முதல் வாரம்தான்.

உங்கள் முன் இருப்பது நான்கு வழி. டாக்குக்குப் போகும் முன் கடைசிப் பயணம். டாக்கை விட்டு வந்த முதல் பயணம். நான்கு முதல் ஆறு வாரம் கழித்து ஒரு பயணம். இந்தக் கப்பலே வேண்டாம் என்று, டாக்குக்குப் போய் ஓராண்டாவது ஆன வேறு கப்பல். வயதானவர்களையும் குழந்தைகளையும் கூட்டிக்கொண்டு எட்டுப் பத்துப் பேராகப் போகிறவர்களுக்கு மூன்றாவதுதான் சரி. மற்றவர்களுக்கு விடை இரண்டு விஷயத்தைப் பொறுத்து மாறும்: டாக்கில் என்ன வேலை நடந்தது, நீங்கள் எந்த ஊரில் கப்பல் ஏறுகிறீர்கள்.

டாக்கில் நடப்பது என்ன

பயணிகள் கப்பல்கள் 5 ஆண்டுக்குள் குறைந்தது 2 முறை டிரை டாக்கில் ஏறி அடிப்பகுதியைச் சோதிக்கக் கொடுக்க வேண்டும் என்பது சர்வதேச விதி. ஆகவே எந்தக் கப்பலும் இரண்டரை, மூன்று ஆண்டுக்கு ஒருமுறை டாக்கைப் பார்த்துவிடும். தண்ணீரை இறைத்துவிட்டுக் கப்பலைக் கட்டைகள் மேல் உட்கார வைத்து, அடியில் ஒட்டிய சிப்பியையும் பழைய பெயின்டையும் உரித்து, புதுப் பூச்சு கொடுப்பார்கள். புரொப்பெல்லர் தண்டின் சீல், கடல்நீர் வால்வுகள், ஆட்டத்தைக் குறைக்கும் பக்கத் துடுப்புகள் எல்லாம் கழற்றிப் பார்க்கப்படும். இது மட்டும் என்றால் 10 முதல் 14 நாள் வேலை. இதைத் தொழில்நுட்ப டாக் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு வகையில் இதோடு சேர்த்து ஓட்டல் பக்கமும், அதாவது பயணிகள் தங்கிச் சாப்பிடும் பகுதியும், உடைபடும். கேபின்களைப் பிரித்துக் கட்டுவது, சமையற்கூடத்தை மாற்றுவது, மேல்தளத்தில் நீர்ச்சறுக்கு வைப்பது, இருந்த ஹாலைத் தடுத்துக் கூடுதல் கேபின் போடுவது என்று மூன்று வாரத்திலிருந்து இரண்டு மாதத்துக்கு மேலும் இழுக்கும். இரண்டாயிரம் ஒப்பந்தத் தொழிலாளிகள்கூட ஒரே நேரத்தில் உள்ளே இருப்பார்கள். பயணிகளுக்கு வரும் தொல்லையில் பெரும்பகுதி இந்த வகை டாக்கில் பிறப்பதுதான்.

கப்பல் தண்ணீரில் இல்லாததால் கடல்நீர் குளிரூட்டல் கிடையாது. அது இல்லாமல் கப்பலின் எஞ்சினும் ஓடாது, ஏசிக்குத் தண்ணீரைக் குளிரவைக்கும் பெரிய சில்லர்களும் ஓடாது. கரையிலிருந்து வரும் மின்சாரத்தில் விளக்கும் வெல்டிங்கும் நடக்கும். ஏசி பெயருக்கு இருக்கும். சிங்கப்பூர் போன்ற ஈரமான ஊரில் மூன்று வாரம் அப்படிக் கிடந்தால் கம்பளமும் மெத்தையும் ஈரத்தைக் குடித்துவிடும். பிறகு எல்லாவற்றையும் ஒரேயடியாக ஓட்டுவார்கள். மேட்டூர் அனல் மின் நிலையத்தில் ஆண்டுப் பராமரிப்பு முடிந்து யூனிட்டை ஏற்றும்போது முதல் நாட்களில் ஒன்று மாற்றி ஒன்று தகராறு செய்யும் என்று அங்கே வேலை பார்த்தவர்கள் சொல்வார்களே, கப்பலிலும் கதை அதேதான். வித்தியாசம் என்னவென்றால், இங்கே சோதனை ஓட்டத்தின்போதே இரண்டாயிரம் மூவாயிரம் பேர் உள்ளே குளித்துக்கொண்டிருப்பார்கள்.

பாதுகாப்பைப் பற்றி மட்டும் கவலை வேண்டாம். உயிர்காப்புப் படகு, தீயணைப்பு, எஞ்சின் எல்லாவற்றையும், கப்பலின் தகுதிக்குச் சான்று தரும் வகைப்பாட்டு நிறுவனத்தின் சர்வேயர் பார்த்துக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் கப்பல் கிளம்ப முடியும். அடிப்பகுதி வழவழப்பாகவும், பக்கத் துடுப்புகள் சரிபார்க்கப்பட்டும் இருப்பதால், டாக்கிலிருந்து வந்த கப்பல் கடலில் நன்றாகவே ஓடும். கெடுவது சௌகரியம்.

முதல் பயணத்தில் எது கெடும், ஏன்

முதலிடம் கழிவறைக்கு. கப்பல் கழிவறை நம் வீட்டு ஃப்ளஷ் மாதிரி தண்ணீர் தள்ளுவது அல்ல. குழாயில் வெற்றிடம் வைத்து உறிஞ்சுவது. ஒரு முறைக்குச் சுமார் ஒரு லிட்டர் தண்ணீர்தான் போகும், குழாயும் ஒல்லி. பல ஆண்டு ஓடிய குழாயின் உள்சுவரில் சுண்ணாம்பு மாதிரி ஒரு படிவு கெட்டியாகப் பிடித்திருக்கும். ஈரமாக இருக்கும்வரை அது ஒட்டிக்கொண்டிருக்கும். டாக்கில் வாரக்கணக்கில் காய்ந்து, மேலே டிரில் அடித்த அதிர்வும் சேர்ந்தால், ஓடு ஓடாகப் பெயர்ந்து வந்து வால்வில் உட்காரும். தொழிலாளிகள் போட்ட சிமென்ட் பாலும் துணிக்கந்தலும் வேறு. ஒரு வால்வு மூடாமல் நின்றால் அதே வரிசையில் உள்ள கேபின்கள் எல்லாவற்றுக்கும் வெற்றிடம் போய்விடும். ஆகவே உங்கள் கேபினில் தவறே இல்லாவிட்டாலும், மூன்று தளம் கீழே யாரோ ஈரத் துடைப்பான் போட்டதற்கு நீங்கள் காத்திருக்க வேண்டும். தீர்வு பெரும்பாலும் ஒரு மணி நேரத்திலிருந்து அரை நாளுக்குள் வந்துவிடும், ஆனால் முதல் வாரத்தில் திரும்பத் திரும்ப வரும்.

குளியலறையில் சாக்கடை நாற்றம் அடித்தால் உடனே குழாய் உடைந்துவிட்டது என்று பதற வேண்டாம். தரையில் உள்ள வடிகாலுக்கு அடியில் வளைவான பகுதி ஒன்றில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் நிற்கும். அந்தத் தண்ணீர்தான் நாற்றம் மேலே வராமல் தடுக்கிறது. ஆள் இல்லாத கேபினில் அது காய்ந்துபோயிருக்கும். இரண்டு டம்ளர் தண்ணீரை வடிகாலில் ஊற்றினால் பத்து நிமிடத்தில் அடங்கிவிடும். கப்பலின் வரவேற்பு மேசையில் வரிசையில் நின்று புகார் கொடுப்பவர்களில் பலருக்குத் தேவைப்படுவது இந்த இரண்டு டம்ளர்தான்.

குடிநீர்த் தொட்டிகளைக் காலி செய்து, கழுவி, குளோரினைத் தூக்கலாகப் போட்டுச் சுத்தப்படுத்துவார்கள். அதனால் முதல் நாளில் குழாயில் பழுப்புத் தண்ணீரோ குளோரின் வாடையோ வரும். ஏசியில் ஒரு கேபின் ஐஸ் மாதிரியும் பக்கத்துக் கேபின் வியர்த்துக் கொட்டும்படியும் இருக்கும். காற்றைப் பங்கிடும் வால்வுகளை ஒவ்வொன்றாகச் சரிசெய்ய அவர்களுக்கு நேரம் கிடைத்திருக்காது. கம்பளத்தை ஒட்டிய பசையின் நெடி முதல் சில நாள் மூக்கைத் துளைக்கும், மட்டுப்பட இரண்டு மூன்று வாரம் ஆகும். வீட்டில் யாருக்காவது ஆஸ்துமா இருந்தால் முதல் பயணத்தை யோசிக்கவே வேண்டாம்.

லிஃப்ட் இன்னொரு தலைவலி. டாக்கில் சாமான் ஏற்றி இறக்கியது அந்த லிஃப்ட்களில்தான். கதவின் சென்சாரில் தூசி படிந்தால் மூடப்போன கதவு திறந்து திறந்து நிற்கும். நான்கில் இரண்டு நின்றாலும் முழங்கால் வலியுள்ள அம்மாவுக்குப் பதினைந்து தளக் கப்பலில் சாப்பாட்டுக்குப் போவதே ஒரு வேலையாகிவிடும். அதே தூசி புகை உணரிக்குள் போய், நடுராத்திரியில் பொய் அலாரம் அடிப்பதும் உண்டு.

மேல்தளத்தில் பூசும் ரெசின் (பிசின்) தரை காய்ந்த தளத்தில்தான் பிடிக்கும். சிங்கப்பூர் மழை அதற்கு ஒத்துழைக்காது. ஆகவே கடைசியாக முடிவதும் நீச்சல் குளம்தான். விளம்பரப் படத்தில் குழந்தைகள் சறுக்கும் அந்த நீர்ச்சறுக்கு, கம்ப்யூட்டரில் வரைந்த படமாக இருந்தால், தேதி தள்ளிப்போகும் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

ஊழியர்களைக் குறை சொல்வது நியாயமில்லை. டாக் முழுவதும் தூசி துடைத்து, மெத்தை சுமந்து, பாதிப் பேர் விடுமுறையிலிருந்து நேற்றுத்தான் திரும்பி, மாற்றிக் கட்டிய ஓட்டலில் கரண்டி எங்கே இருக்கிறது என்றே தெரியாமல் நிற்பார்கள். சைவச் சாப்பாடு, ஜெயின் சாப்பாடு என்று முன்கூட்டி எழுதிக் கொடுத்தது சமையற்கூடத்துக்குப் போய்ச் சேராமல் போவதும் முதல் பயணத்தில்தான் அதிகம்.

நாளா, பயணமா: எதை எண்ணுவது

சிங்கப்பூரிலிருந்து போகும் பயணங்கள் பெரும்பாலும் 3, 4 இரவுதான். நான்கு வாரத்தில் ஒரு கப்பல் ஏழெட்டுப் பயணம் முடித்துவிடும். அதனால் "இது டாக்குக்கு அப்புறம் மூணாவது டிரிப், எல்லாம் செட் ஆயிடுச்சு" என்று ஏஜென்ட் சொன்னால் பத்து நாள்தான் ஆகியிருக்கிறது என்று கணக்குப் போடுங்கள். ஊழியர் சம்பந்தப்பட்ட குழப்பம், அதாவது ஏறும் வரிசை, சாப்பாட்டு மேசை, கேபின் சாவி, பயணத்துக்குப் பயணம் சரியாகும். மூன்று நான்கு முறை ஆள் ஏற்றி இறக்கினால் போதும். பசை நெடி, குழாய், லிஃப்ட், சில்லர் போன்றவை நாட்கணக்கில்தான் சரியாகும். உதிரிபாகம் வெளிநாட்டிலிருந்து வர வேண்டியிருந்தால் வாரக்கணக்கு. நான்கு முதல் ஆறு வாரம் என்று சொன்னதற்குக் காரணம் இதுதான்.

குறுகிய பயணத்தில் தாமதத்தின் வலியும் அதிகம். டாக்கிலிருந்து கப்பல் ஒரு நாள் பிந்தி வந்தால் 7 இரவுப் பயணத்தில் ஏழில் ஒரு பங்குதான் போகும். 4 இரவில் கால் பங்கு போய்விடும். பத்து சதவீதத் தள்ளுபடி அதை ஈடுகட்டாது.

டாக் எங்கே நடந்தது என்றும் கேளுங்கள். ஸ்பெயினின் காடிஸ், பிரான்ஸின் மார்செய் போன்ற இடங்களில் டாக் முடித்து ஆசியாவுக்கு வரும் கப்பலுக்கு வழியிலேயே பல நாள் கிடைக்கும். அதற்குள் பாதிக் குறை தீர்ந்துவிடும். சிங்கப்பூர் செம்பவாங் பக்கத்துக் கப்பல் பழுதுபார்க்கும் யார்டில் டாக் முடித்து மறுநாளே மரினா பே முனையத்துக்கு வந்து ஆள் ஏற்றும் கப்பலுக்கு அந்த அவகாசம் கிடையாது.

தேதியே நழுவிப்போவதும் நடக்கும்

திறந்து பார்க்கும்வரை உள்ளே எவ்வளவு அரித்திருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. 2013-ல் கார்னிவல் டெஸ்டினி கப்பலை 155 மில்லியன் டாலர் செலவில் மாற்றிக் கார்னிவல் சன்ஷைன் என்று பெயர் வைத்தார்கள். வேலை முடியாமல் முதல் இரண்டு பயணங்கள் ரத்தாயின. 2019 ஏப்ரல் 1 அன்று பஹாமாஸின் ஃப்ரீபோர்ட் யார்டில் ஒயாசிஸ் ஆஃப் தி சீஸ் கப்பல் மேல் கிரேன் சரிந்து, மூன்று பயணங்கள் ரத்தாயின; டாக்கே சேதமானதால் அங்கே வரிசையில் இருந்த மற்றக் கப்பல்களின் தேதிகளும் குலைந்தன.

நமக்கு நெருக்கமான உதாரணமும் உண்டு. 2022 ஜூனில் சென்னையிலிருந்து முதல் பயணம் போன கோர்டீலியா கம்பெனியின் எம்ப்ரஸ், 1990-ல் கட்டிய கப்பல். அது ராயல் கரீபியன் கம்பெனி கையில் இருந்த 2016-ல், மார்ச் கடைசியில் தொடங்க வேண்டிய பயணங்கள், சமையற்கூட வேலை எதிர்பார்த்ததைவிடப் பெருத்ததால், மே கடைசிவரை தள்ளிப்போயின. பழைய கப்பல், அதிலும் சமையற்கூட வேலை என்று காதில் விழுந்தால் இரண்டு மாதம் கழித்தே தேதி பாருங்கள்.

அப்படியானால் டாக்குக்கு முந்திய கடைசிப் பயணம் எப்படி? கட்டணம் பெரும்பாலும் குறைவாக இருக்கும், எல்லா இயந்திரமும் பழகி ஓடிக்கொண்டிருக்கும், ஊழியர்களுக்குக் கப்பல் தலைகீழ்ப் பாடம். கம்பளம் தேய்ந்திருக்கும், மெத்தையில் பள்ளம் விழுந்திருக்கும், அவ்வளவுதான் என்றால் தாராளமாகப் போகலாம். சிக்கல் என்னவென்றால், டாக்கில் நிற்கும் நாட்களை மிச்சம் பிடிக்க, ஒப்பந்தக்காரர்கள் முன்கூட்டியே ஏறி உடைக்கத் தொடங்கிவிடுவார்கள். 2018-ல் மியாமியிலிருந்து பனாமா கால்வாய் வழியாக லாஸ் ஏஞ்சலிஸ் போன நார்வீஜியன் சன் கப்பலில், தூசிக்கும் நெடிக்கும் நடுவில் பயணம் செய்ததாகப் பயணிகள் பெரிய அளவில் புகார் எழுப்பினார்கள். ஆகவே கடைசிக்கு முந்திய பயணம் பாருங்கள். கடைசிப் பயணம் வேண்டாம். கல்யாணமான புதிதில் போகும் இருவருக்கு, பணம் மிச்சமாக வேண்டும் என்றால், இது நல்ல பேரம்.

சேலத்திலிருந்து பார்த்தால்

சிங்கப்பூர் என்றால் திருச்சியோ கோவையோ சென்னையோ பெங்களூருவோ போய் விமானம், விசா, ஒரு நாள் முன்பே போய்த் தங்க ஓட்டல் என்று கப்பல் கட்டணத்துக்கு வெளியே ஒரு தொகை போய்விடும். கப்பல் ரத்தானால் கம்பெனி கப்பல் கட்டணத்தைத் திருப்பித் தரும். விமான டிக்கெட்டுக்குப் பெரும்பாலும் கை விரித்துவிடும். ஆகவே சிங்கப்பூருக்கு முதல் பயணம் வேண்டவே வேண்டாம் என்பதுதான் எங்கள் கருத்து. கொச்சியிலிருந்தோ சென்னையிலிருந்தோ ஏறும் பயணம் வேறு கதை. சேலம் ஜங்ஷனில் ராத்திரி ஏற்காடு எக்ஸ்பிரஸ் பிடித்தால் காலையில் சென்னை. எர்ணாகுளத்துக்கும் நேரடி ரயில்கள் இருக்கின்றன. ரத்தானால் போவது ரயில் டிக்கெட் ரத்துக் கட்டணம் மட்டும்தான். நாலு நண்பர்கள் சேர்ந்து, நடந்தால் நடக்கட்டும் என்று போகிறவர்களுக்கு அங்கே முதல் பயணம்கூடப் பரவாயில்லை, அதுவும் தொழில்நுட்ப டாக் மட்டும் என்றால் யோசிக்காமல் போகலாம்.

மே மாதத்தில்தான் லீவு, டாக் ஏப்ரல் கடைசியில் முடிகிறது, என்ன செய்வது என்று கேட்டால், நான்காவது வழிக்குப் போங்கள்: வேறு கப்பல். அல்லது மே மாதத்துக்கு ஏற்காட்டையே வைத்துக்கொண்டு, கப்பலைக் காலாண்டு விடுமுறைக்குத் தள்ளுங்கள். அரையாண்டு விடுமுறை வேண்டாம்; டிசம்பர் கடைசியில் சிங்கப்பூரில் மழையும் அதிகம், கட்டணமும் அதிகம்.

டாக் தேதியைக் கம்பெனி கொட்டை எழுத்தில் போடாது. நீங்களே கண்டுபிடிக்கலாம். அந்தக் கப்பலின் பயண அட்டவணையை மாதவாரியாகத் திறந்து பாருங்கள். 3, 4 இரவுப் பயணங்கள் இடைவிடாமல் போய்க்கொண்டிருக்கையில் திடீரென்று இரண்டு மூன்று வாரம் வெற்றிடம் தெரிந்தால் அதுதான் டாக். கப்பல் எங்கே நிற்கிறது என்று காட்டும் மரைன் டிராஃபிக் போன்ற ஆப்பில், சொன்ன தேதிக்கு முந்திய வாரம் அது இன்னும் யார்டிலேயே நிற்கிறதா என்றும் பார்த்துவிடலாம். கேட்டரிங் படித்துக் கப்பலில் வேலை பார்க்கும் பிள்ளை சொந்தத்தில் யாராவது இருந்தால், ஏஜென்டைவிட அந்தப் பிள்ளைக்கு உண்மை அதிகம் தெரியும்.

ஏஜென்டிடம் பேசும்போது வாய்ப்பேச்சோடு விடாமல் மெயிலில் பதில் வாங்குங்கள். டாக்கில் கேபினும் சமையற்கூடமும் தொட்டார்களா, எந்தெந்தத் தளம், நீச்சல் குளம் எங்கள் தேதியில் திறந்திருக்குமா, பயணம் ஒரு நாள் குறைந்தால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும். கேபின் எண்ணை நீங்களே தேர்வு செய்யுங்கள்: நீச்சல் குளத் தளத்துக்கு நேர் கீழேயும், புதிதாகச் சேர்த்த கேபின்களும் வேண்டாம். மேலும் கீழும் கேபின்களே உள்ள நடுத்தளம்தான் பத்திரம். விமானத்தை முந்திய நாளே போய்ச் சேரும்படி போடுங்கள். திரும்பும் விமானம், கப்பலை விட்டு இறங்கும் நாள் மாலையோ மறுநாளோ இருக்கட்டும். சிங்கப்பூர் விசா பலமுறை நுழையும் விசாவா என்று பார்த்துவிடுங்கள். கப்பலில் போய்த் திரும்பி வருவது இரண்டாவது நுழைவு.

எப்படியோ முதல் மாதத்துப் பயணமே அமைந்துவிட்டது என்றால், கேபினுக்குள் நுழைந்த அரை மணி நேரத்துக்குள் பெட்டியைப் பிரிக்காமல் இதைச் செய்யுங்கள். குளியலறைக் கதவைச் சாத்திவிட்டு எல்லாக் குழாயையும் ஷவரையும் ஐந்து நிமிடம் ஓட விடுங்கள். தேங்கிக் கிடந்த தண்ணீர் போகட்டும், நீங்கள் வெளியே நில்லுங்கள். வடிகாலில் தண்ணீர் ஊற்றி, கழிவறையை இரண்டு முறை இழுத்துப் பாருங்கள். பால்கனிக் கதவை இறுக்கச் சாத்தி ஏசியைப் பாருங்கள். கதவு திறந்திருந்தால் பல கப்பல்களில் ஏசி தானாக நின்றுவிடும், அதைக் கோளாறு என்று நினைத்துவிடுவார்கள். லாக்கர் பெட்டி சுவரில் இறுகியிருக்கிறதா, கட்டிலடியில் ஆணி, மரத்தூள் கிடக்கிறதா என்று குழந்தைகளை இறக்கிவிடும் முன் பாருங்கள். குறை இருந்தால் போட்டோ எடுத்து ஆப்பிலும் வரவேற்பு மேசையிலும் அன்று மதியமே பதிவு செய்யுங்கள். காலியாக இருக்கும் நாலைந்து கேபின்கள் மாலைக்குள் போய்விடும். முதலில் கேட்டவருக்குத்தான் மாற்றம்.

சாமானில் சேர்க்க வேண்டியது: தூசி மாஸ்க், காதுக்கு அடைப்பான், ஓஆர்எஸ். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் எடுத்துப் போகாதீர்கள், பிடுங்கி வைத்துக்கொள்வார்கள்.

பயணக் காப்பீடு ஆஸ்பத்திரிச் செலவுக்கும் விமானத் தாமதத்துக்கும் உதவும். நீச்சல் குளம் மூடியிருந்தது, நெடி அடித்தது என்பதற்கு ஒரு பைசா கிடைக்காது. கப்பல் ஒப்பந்தத்திலும் பாதையையும் வசதியையும் மாற்றும் உரிமையைக் கம்பெனி தன்னிடமே வைத்துக்கொண்டிருக்கும். உங்களுக்குப் பிடி இருப்பது ஏஜென்ட் மேல்தான். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். ஏஜென்ட் அலுவலகம் சென்னையில் இருந்தாலும் சேலம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே கேட்கலாம். கட்டிய தொகை 50 லட்சத்துக்குள் என்றால் மாவட்ட ஆணையம் போதும், கெடு 2 ஆண்டு. அதற்குத்தான் அந்த மெயிலும், முதல் நாள் போட்டோவும், வரவேற்பு மேசை கொடுத்த புகார் எண்ணும்.